மேடு வந்தால் இறங்குங்கள்

என் காரைத் தாழ்த்திய மாதத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. இரண்டில் எது வீட்டை அதிகம் அலற வைத்தது என்று கேட்டால், அம்மா இன்றைக்கும் யோசிக்காமல் காரைத்தான் சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கையில் ஒரு பழைய வெள்ளைக் கார், நாட்டிலேயே செய்தது. நல்ல கார்தான். ஆனால் அது நிற்கிற அழகு எனக்குப் பிடிக்கவில்லை. டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் என் கைமுஷ்டி முழுசாகப் புகுந்து வெளியே வரும். வெள்ளத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் எங்கள் அத்தையைப் போல நிற்கும் அந்தக் கார். அலுவலகப் பையன்களின் கார்களெல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருக்க, ஒருநாள் ஒருவன் கேட்டுவிட்டான்.

"என்னக்கா, இந்தக் கார வச்சு கால்வாய் தாண்டப் போறீங்களா?"

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விஷயம் ரொம்பச் சுலபம். காரின் உடம்பு நான்கு ஸ்பிரிங்குகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் குட்டையானால் கார் குனியும். குட்டையாக்க இரண்டு வழி. இருக்கிற ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி எடுத்துவிடலாம். அல்லது குட்டையாகவே செய்து விற்கிற வேறு ஸ்பிரிங்கை வாங்கி மாட்டலாம். வெட்டுவதுதான் மலிவு. அதைச் செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"கல்யாணம் நிச்சயம் பண்ண வீட்டுல வெட்டுறேன் கிட்டுறேன்னு பேசுறியே, உனக்கு அறிவு இருக்கா?"

"ஸ்பிரிங்தாம்மா."

"எதுவா இருந்தா என்ன? வெட்டக் கூடாது."

"அப்ப புதுசா வாங்கி மாட்டட்டுமா?"

"புதுசுன்னா சரி" என்றார் அம்மா. சிவப்புச் சாயம் பூசிய நான்கு ஸ்பிரிங்குகள் ஜப்பானிய எழுத்துப் போட்ட பெட்டியில் வந்து இறங்கியபோது, பெட்டியின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்ததும் அவர்தான். உள்ளே இருப்பது காரைக் குனிய வைக்கும் சாமான் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா ஒரு சிரிப்புப் பைத்தியம். தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. சாவு வீட்டில் சிரித்து அடி வாங்கியிருக்கிறாள். பாசாரில் மீன்காரர் வழுக்கி உட்கார்ந்ததை நினைத்து மூன்று நாள் கழித்துச் சோற்றில் கை வைத்தபடி சிரித்திருக்கிறாள். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

மாப்பிள்ளை பந்திங் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். முதல் தடவை "தண்ணி போதும்" என்றார். இரண்டாம் தடவை அதையும் சொல்லவில்லை. தங்கமான பையன் என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கமாக இருக்கட்டும், அக்காவுக்குப் பிடித்திருக்கிறதா? இதை அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. ஆனால் கல்யாண வீட்டில் இரண்டு பேர் தனியாகப் பேச இடம் எங்கே இருக்கிறது? அறைக்குள் ரவிக்கைக்கு அளவெடுக்கிறவர். குசினியில் சின்னம்மா. குளியலறைக்குள் போனால்கூட வெளியில் நின்று கதவைத் தட்டுவார் அத்தை. அப்பாவின் அக்கா அவர். எங்கள் வீட்டுச் சட்டமெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

ஸ்பிரிங் மாற்றியது பக்கத்து ஊரான மேருவில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில். முதலாளி சீனர், எல்லாருக்கும் அவர் தவுக்கே. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கை இரண்டு கொக்கிகளுக்கு நடுவில் வைத்து முறுக்கி அழுத்தினார். அழுத்திய ஸ்பிரிங் பிடி நழுவினால் ஆளின் பல்லைப் பெயர்த்துவிடும் என்று சைகையில் காட்டி, என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். பழையதையும் புதியதையும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது இரண்டு விரல் வித்தியாசம் இருந்தது. இந்த இரண்டு விரலுக்காகவா இத்தனை பாடு என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நான்கும் மாட்டி முடித்து ஜாக்கியை இறக்கினார். கார் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. டயரின் மேல் விளிம்பு தகரத்தை நெருங்கிப் போய் நின்றது. நான் கை தட்டிவிட்டேன். வெட்கமே இல்லாமல் குதித்தேன் என்றும் சொல்லலாம். சக்கரங்களை நேர்கோட்டில் சரிபார்க்கும் வேலை இன்னும் பாக்கி இருந்ததால், நேரமாகும் என்று வீட்டுக்குச் சொல்ல டெலிபோன் கேட்டேன். நீ உட்கார்ந்து தண்ணி குடி, நானே சொல்லிவிடுகிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டு தவுக்கே உள்ளே போனார்.

அவர் மலாயில் சொன்னது மூன்றே வார்த்தை. "கெரெத்தா சூடா தூருன்." கார் இறங்கிவிட்டது.

பட்டறை பாஷையில் அது நல்ல சேதி. அம்மாவுக்கு? பெண் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், யாரோ ஒரு சீனர் டெலிபோன் செய்து கார் இறங்கிவிட்டது என்கிறார். எங்கள் ஊரில் கார் இறங்குவதற்கு இருக்கிற இடம் ஒன்று பெரிய கால்வாய், இல்லாவிட்டால் ஆறு. அம்மா ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு, "பொண்ணு காரோட ஆத்துல இறங்கிட்டா!" என்று கத்தியிருக்கிறார். அப்பா பந்திங் பஸ் ஓட்டுநர். காலை ஓட்டத்தை முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர், கைலியோடு எழுந்து, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் மேரு வரைக்கும் பறந்து வந்தார்.

நான் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து தே ஐஸ் என்கிற ஐஸ் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"எங்கேடி இறங்குச்சு?"

"நின்ன இடத்துலதாம்ப்பா."

அவர் குனிந்து சக்கரத்துக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போனது, மூன்றாவது மாட்டிக்கொண்டது. பயம் தெளிந்ததும் அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"நான் ஆயுசு பூரா ஜனங்கள ஏத்திக்கிட்டுப் போறேன். நீ ஏண்டி இறக்கிக்கிட்டுப் போற?"

தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது. அப்பா பாராட்டுகிறார் என்று நினைத்து அவருக்கும் ஒரு தே ஐஸ் வரவழைத்தார். அப்பா மரியாதைக்கு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் கல்யாணப் புடவை எடுக்கத் தலைநகரத்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனோம். அக்கா என் பக்கத்தில், பின்னால் அம்மாவும் அத்தையும். நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பெல்லாம் வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும், அம்மா கதவைப் பிடித்துக்கொள்வார். இப்போது சாயவே இல்லை, தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. லோரிச் சக்கரத்தின் நட்டுகள் என் கண்ணுக்கு நேராகச் சுற்றின. நான் பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் ஏறும்போது காரின் அடிவயிறு 'கர்ர்ர்' என்று உரசியது.

"ஐயோ, அடியில யாரோ கத்துறாங்க!" என்றார் அத்தை.

பழைய அக்காவாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். நான் ஆவலாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் உற்சாகமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது.

கல்யாணம் நிச்சயமான பிறகு வந்த இரண்டு மாதத்தில் அக்கா தானாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று கோயிலுக்குப் போகப் பெரியப்பாவின் பெரிய கார் ஏற்பாடாகியிருந்தது. அவள் வேண்டாம் என்றாள்.

"தங்கச்சி கார்ல போறேன். அவதான் ஓட்டணும்."

"பொம்பளப் புள்ள ஓட்டி கல்யாணக் கார் எங்கயாச்சும் போயிருக்கா?" என்று அத்தை குதித்தார். அக்கா அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் அசையவும் இல்லை. எனக்கு மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். வீட்டிலிருந்து கோயிலுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் கேட்டுவிடலாம். பிடிக்கவில்லை என்று சொன்னால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான், காரியம் முதலில், யோசனை பிறகு.

கல்யாணக் காலை. பூச்சரமெல்லாம் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்பா விருந்தாளிகளோடு பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார். பின்கதவைத் திறந்து அக்காவை ஏற்றினேன். உடனே இந்தப் பக்கமாக அம்மா ஏறினார். அந்தப் பக்கமாகச் சின்னம்மா ஏறினார். சின்னம்மா உட்கார்ந்ததும் பின்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. முன்னால் அத்தை, கையில் காமாட்சி விளக்கோடு. தனியாகப் பேசுகிற ஆசையில் மண் விழுந்தது. அது போதாதென்று காரின் பின்பெட்டியில் தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, பலகாரத்தட்டு, பித்தளைக் குடம், இரண்டு குத்துவிளக்கு. மொத்தத்தில், என் ஆசைக் கார் தரையில் கோழி அடைகாப்பது மாதிரி உட்கார்ந்துவிட்டது.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பெரிய சாலையைத் தொடுவதற்குள் ஐந்து வேகத்தடை மேடுகள். பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள் என்று குடியிருப்பவர்களே சிமெண்டு குழைத்துப் போட்டவை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மலை. தனியாகப் போகும்போது குறுக்கே திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிக் கடந்துவிடுவேன். முதல் மேட்டில் அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். முன்சக்கரங்கள் தாண்டின. பிறகு காரின் வயிறு சிமெண்டின் மேல் உட்கார்ந்தது. கிழிகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

"எல்லாரும் இறங்குங்க" என்றேன்.

"என்னது?"

"மேடு வந்தா இறங்கணும் அத்தை. இல்லன்னா கார் இங்கயே நிக்கும், முகூர்த்தம் போயிடும்."

அம்மாவும் சின்னம்மாவும் இறங்கினார்கள். அக்காவும் புடவையைச் சேர்த்துப் பிடித்தாள். முன்னாலிருந்து இறங்கிய அத்தை பாய்ந்து வந்து கதவை மறித்தார்.

"நீ இறங்காதே! வாசல் தாண்டின பொண்ணு கோயில்லதான் கால் வைக்கணும்."

இப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அத்தை அந்த நிமிடத்தில் உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு நான் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். ஏனென்றால் கார் மெல்ல எழும்பி, மேட்டைத் தாண்டியபோது, உள்ளே நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அடுத்த மேடு ஐம்பது அடியில். ஏறி ஏறி இறங்க அத்தைக்கு முட்டி வலி.

"நாங்க நடந்தே வரோம், நீ ஊர்ந்து போ" என்றார்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். நேரம் கடத்தாமல் கேட்டேன்.

"அக்கா, உனக்கு அவரப் புடிச்சிருக்கா?"

எதிரே தொங்கிய கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. 

"இல்லன்னா என்னடி பண்ணுவே?"

"ரிவர்ஸ் எடுத்துடுவேன்."

"பின்னாடியும் மேடு இருக்கே."

அது உண்மைதான். இரண்டு மேட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் அவளைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தேன்.

"யாருமே என்னைக் கேக்கலடி" என்றாள் அக்கா. "கேட்டிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். கேக்காததால நானே என்னைக் கேட்டுக்கல. நல்லவராத்தான் தெரியுது. வேணாம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஆளுக்குச் சிரிக்கத் தெரியுமான்னு தெரியல. காலம் பூரா சிரிப்பே இல்லாத வீட்டுல எப்படிடி இருக்கறது?"

நான் பதில் சொல்ல வாய் திறந்தபோது காதைப் பிளந்துகொண்டு மேளம் கேட்டது.

எங்களுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர்களின் வேன் வந்துகொண்டிருந்தது. முன்னால் பெண்கள் விளக்கோடு நடப்பதைப் பார்த்ததும், ஊர்வலம் போலிருக்கிறது, நமக்கு யாரும் சொல்லவில்லையே என்று அவர்கள் பதறி இறங்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி நீங்களே கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. தவில் முழங்குகிறது. பூ போர்த்திய ஒரு வெள்ளை வாகனம் சக்கரமே தெரியாமல் தரையோடு தரையாக அங்குலம் அங்குலமாக நகர்கிறது. முன்னால் விளக்கேந்திய ஒரு வயதான அம்மா. உள்ளே தலை முதல் இடுப்பு வரை நகையோடு ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஊர்க்காரருக்கு இது வேறு என்னவாகத் தெரியும்?

"தேர் வந்துருச்சு! தேர் வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

கதவுகள் திறந்தன. இடுப்பில் துண்டோடு ஓர் அங்கிள் ஓடி வந்து, என் முன்சக்கரத்துக்குச் சரியாக இரண்டடி முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்தார். எதிர்வீட்டிலிருந்து இன்னொருவர். தலையில் ஷாம்பு நுரையோடு ஓர் ஆன்டி கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து அக்காவின் ஜன்னலுக்கு நேராகக் காட்டி, கண்ணை மூடி, "தாயே, என் மவனுக்கு ஒரு வேலை கெடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டார். தேர் இல்லை என்று சொல்ல வேண்டிய அத்தை என்ன செய்தார் தெரியுமா? ஆரத்தியை மறுப்பது பாவம் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சிமிழிலிருந்து குங்குமத்தை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஹாரன் அடித்தேன். அதற்கும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பின்னால் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. திரும்பினேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, கற்பூரத்துக்கு முன்னால் அம்மன் மாதிரியே அசையாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"ஓட்டுலா, சிரிச்சேன்னா மை கலைஞ்சுடும்" என்றாள் மூச்சுத் திணறி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன், ஹாரன் மறுபடி அடித்தது, இன்னொரு தேங்காய் உடைந்தது. கடைசி மேட்டைத் தாண்டும்வரை இதே கூத்துதான். பெரிய சாலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு விரட்டியபோது அக்கா மறுபடி அமைதியாகிவிட்டாள். என் கேள்விக்கு வந்த பதில் பாதியில் நின்றது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

கோயில் வாசலில் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த ரூட்ல வந்தீங்க?" என்றார், தாமதமாக வந்த பஸ்ஸைக் கேட்கிற குரலில்.

முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம் இருந்தது. அக்காவை இறக்கி, தரையில் கால் படவிட்டு, ஓட்டமும் நடையுமாக மணவறைக்குக் கொண்டுபோனோம்.

தாலி கட்டுமுன் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு பெரியவர் பெரிய நோட்டோடு வந்து உட்கார்ந்தார். நாளுக்கு மூன்று கல்யாணம் பார்க்கிறவர். பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பொண்ணுக்குச் சம்மதமா?"

"சம்மதம் ஐயா" என்றாள் அக்கா. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "நீங்க ரெண்டாவது ஆளு கேக்கறது. மொதல்ல வர்ற வழியில கார்ல கேட்டாங்க."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். சபையில் ஒரு சலசலப்பு. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். குடி முழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"மாப்பிள்ளைக்குச் சம்மதமா?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். பெரியவருக்குப் பதில் சொல்லாமல் அக்காவின் பக்கம் மெல்லத் திரும்பினார். முகம் தேர்வு மண்டபத்தில் நிற்கிற வாத்தியாருடையது, ஒரு கோடு அசையவில்லை.

"உங்களையாவது ரெண்டு பேர் கேட்டாங்க" என்றார். "என்னைக் கேக்கறதுல இவருதான் மொத ஆளு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் அப்படியேதான் இருந்தது, மீசைக்குக் கீழே மட்டும் ஏதோ துடித்தது. அவ்வளவுதான். மாலை குலுங்க, நெற்றிச்சுட்டி கோணிக்கொள்ள, கண் மை கன்னத்தில் வழிய, அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். ஐயர் அதட்டினார், அத்தை வாயைப் பொத்தப் போனார், அவள் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை அந்தச் சத்தத்திலேயே "சம்மதம்" என்று பெரியவரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.